திங்கள் இரவுக்கும் செவ்வாய்க் காலைக்கும் நடுவில் 53 நாள்

லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் என்ற வீடியோ கேமின் முதல் எபிசோடை நான் விளையாடியது 2015 பிப்ரவரியில். அப்போது அந்த ஒரு எபிசோட்தான் வெளியாகியிருந்தது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று அந்த கேமை வாங்குகிறவர்களுக்கு ஐந்து எபிசோடும் மொத்தமாகக் கிடைத்துவிடுகிறது, ஒரு சனி ஞாயிறில் உட்கார்ந்து முடித்துவிடுகிறார்கள், முடித்ததும் முதல் எபிசோட் ரொம்ப மெதுவாகப் போகிறது என்கிறார்கள். மெதுவாகத்தான் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த எபிசோடை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது வேறு மாதிரி வேலை செய்தது. அது எப்படி என்பதையும், பகுதி பகுதியாக கேம் விடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் விளக்கிப் பார்க்கிறேன். முதல் எபிசோடில் நடப்பதை ஒளிவு மறைவில்லாமல் சொல்வேன். அதற்கு மேல் நடப்பதை ஓரிடத்தில் லேசாகத் தொடுவதோடு சரி.

கதை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஆர்கேடியா பே என்ற கற்பனைக் கடலோர ஊரில் நடக்கிறது. மேக்ஸ் கால்ஃபீல்டுக்கு 18 வயது, போட்டோகிராபி படிப்பதற்காக பிளாக்வெல் அகாடமியில் சேர்ந்திருக்கிறாள், கையில் எப்போதும் ஒரு பழைய இன்ஸ்டன்ட் கேமரா. சின்ன வயதில் இதே ஊரில் இருந்தவள்தான். ஐந்து வருடம் சியாட்டிலில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள், வந்தும் பழைய தோழி க்ளோயியைப் போய்ப் பார்க்கவில்லை. 2013 அக்டோபர் 7, திங்கட்கிழமை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஊரையே விழுங்க வரும் சூறாவளி ஒன்று கனவு மாதிரி கண்முன் வந்து போகிறது. வகுப்பு முடிந்து முகம் கழுவப் பாத்ரூமுக்குப் போனால், ஒரு நீலப் பட்டாம்பூச்சி உள்ளே வருகிறது, அதைப் படம் எடுக்கிறாள். அதே நேரம் ஒரு பையனும் ஒரு பெண்ணும் சண்டை போட்டபடி நுழைகிறார்கள். பையன் துப்பாக்கியை எடுக்கிறான், சுட்டுவிடுகிறான். மேக்ஸ் கையை நீட்டிக் கத்துகிறாள். அடுத்த நொடி மறுபடி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், வாத்தியார் சற்று முன்பு சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இங்கிருந்துதான் ஒரு பட்டனை அழுத்தி நேரத்தைப் பின்னால் ஓட்டும் சக்தி நம் கைக்கு வருகிறது. இதை அந்த எபிசோட் கற்றுக்கொடுத்த விதம் எனக்கு இன்னும் பிடிக்கும். மேசையிலிருந்து கேமரா விழுந்து உடைகிறது. ரீவைண்ட் செய்தால் முழுசாகத் திரும்ப வருகிறது. முதல் தடவை வாத்தியார் கேட்ட கேள்விக்கு மேக்ஸுக்குப் பதில் தெரியவில்லை, விக்டோரியா என்ற பணக்காரப் பெண் போட்டோகிராபியின் முன்னோடி டாகேரைப் பற்றி கடகடவென்று ஒப்பித்துப் பெயர் வாங்குகிறாள். இரண்டாம் தடவை அதே பதிலை மேக்ஸ் முந்திக்கொண்டு சொல்லிவிட்டு வெளியே ஓடலாம். பாத்ரூமில் ஃபயர் அலாரத்தின் கண்ணாடியை உடைக்க ஒரு சுத்தியல் வேண்டும், அதைத் தேடுவதற்குள் துப்பாக்கி வெடித்துவிடும், மறுபடி ரீவைண்ட். நேரத்தைப் பின்னால் ஓட்டினாலும் மேக்ஸ் நின்ற இடம் மாறாது, கையில் எடுத்தது கையிலேயே இருக்கும், தெரிந்துகொண்டது மண்டையில் இருக்கும். ஸ்கேட்போர்டு பையன்களிடம் பேசத் தெரியாமல் முழித்துவிட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் போய் ரொம்ப நாள் தெரிந்தவள் மாதிரி அதே வார்த்தையை விட்டெறியலாம். வெட்கப்பட்டுப் பழகிய யாருக்கும் இந்தச் சக்தியின் ருசி புரியும். ராத்திரி படுத்தபின் "அப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று தோன்றும் பதில்களை எல்லாம் உடனே சொல்லிவிட முடிகிறது.

சரி, இதுவரை இது ஒரு நல்ல விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான். விஷயம் இதற்கு அடுத்ததில் இருக்கிறது.

ஹாஸ்டல் வாசல் படிக்கட்டில் விக்டோரியாவும் அவள் தோழிகள் இரண்டு பேரும் வழியை மறித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேக்ஸைக் கிண்டல் செய்கிறார்கள், நகர மாட்டேன் என்கிறார்கள். புல்தரை ஸ்பிரிங்க்ளரையும் மேலே தொங்கும் பெயின்ட் வாளியையும் கொஞ்சம் நோண்டி, கொஞ்சம் ரீவைண்ட் செய்தால், பெயின்ட் விக்டோரியாவின் மேலேயே கொட்டிவிடும். தோழிகள் துடைக்க ஏதாவது எடுத்துவர உள்ளே ஓடுகிறார்கள். இப்போது அவள் தனியாக, அந்த விலை உயர்ந்த உடுப்பெல்லாம் பெயின்ட் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கிறாள், உங்கள் கையில் கேமரா. ஆறுதல் சொல்லலாம், அல்லது கேலி செய்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். நான் படம் எடுத்தேன். எடுத்த கையோடு மேக்ஸ் தன் மனசுக்குள் முனகுகிறாள், இது சரிதானா என்று. உடனே ரீவைண்ட் செய்து ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். விக்டோரியா ஆச்சரியமாக இறங்கி வந்து பேசுகிறாள், ஆனால் அதற்கும் மேக்ஸ் முனகுகிறாள், இவளை நம்பலாமா என்று. எந்தப் பக்கம் போனாலும் மேக்ஸ் சந்தேகப்படுவாள். அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று தடவை முன்னும் பின்னும் போய், கடைசியில் படம் எடுத்ததையே வைத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குள் போனேன். அந்த இடத்தைவிட்டு நகர்ந்ததும் கதவு சாத்திவிட்டது, இனி அதை மாற்ற முடியாது.

ரீவைண்ட் என்பது தப்பைத் திருத்தும் வசதி என்று நினைத்துத்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள். ஆனால் உண்மையில் அது தயங்க வைக்கும் வசதி. மற்ற கேம்களில் ஒரு பதிலை அழுத்திவிட்டால் அழுத்தியதுதான், கதை உங்களை இழுத்துக்கொண்டு ஓடிவிடும், "அவசரத்தில் அழுத்திட்டேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இதில் அந்தச் சாக்கு கிடையாது. இரண்டு பக்கத்தையும் பார்த்தாய், நிதானமாக யோசித்தாய், தெரிந்துதான் தேர்ந்தெடுத்தாய். ஆனால் நீங்கள் பார்த்தது உடனடி விளைவை மட்டும்தான். மேல் மூலையில் ஒரு பட்டாம்பூச்சிப் படம் சிறகடிக்கிறது, இந்தச் செயலுக்குப் பின்விளைவு உண்டு என்று ஒரு வரி வருகிறது, என்ன பின்விளைவு என்று சொல்வதில்லை. மேக்ஸின் அறையில் ஒரு தொட்டிச் செடி இருக்கிறது, அதற்குத் தண்ணீர் ஊற்றினால்கூட அந்தப் பட்டாம்பூச்சி வருகிறது! செடிக்குத் தண்ணீர் ஊற்றியதற்கா என்று சிரித்தேன். சிரித்துவிட்டு, ஊற்றியது சரியா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் எபிசோட் முறை வந்து ஒட்டிக்கொள்கிறது. முதல் எபிசோடில் பெரிய முடிவுகள் என்று பார்த்தால், துப்பாக்கி வைத்திருந்தவனைப் பற்றிப் பிரின்சிபாலிடம் சொல்வதா மறைப்பதா, விக்டோரியா விஷயம், கேட் என்ற அமைதியான பெண்ணைப் பள்ளியின் செக்யூரிட்டி ஆள் மிரட்டும்போது குறுக்கே போவதா அல்லது ஒதுங்கி நின்று ஆதாரத்துக்குப் படம் எடுப்பதா, பாத்ரூமில் மேக்ஸ் காப்பாற்றிய பெண்ணான க்ளோயியின் வீட்டில், அவளுடைய மாற்றாந்தகப்பனான அதே ஆள் படியேறி வரும்போது ஒளிந்துகொள்வதா வெளியே வருவதா, இவ்வளவுதான். இவற்றில் ஒன்றுக்குக்கூட முழுக் கணக்கு அந்த எபிசோடுக்குள் தீர்வதில்லை. அன்று மாலை கலங்கரை விளக்கத்தின் அடியில் மேக்ஸும் க்ளோயியும் நிற்கும்போது, வெயில் காய்ந்த அக்டோபர் நாளில் திடீரென்று பனி பெய்கிறது, ஊரில் ஒவ்வொருவரும் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள், பாட்டு ஓடுகிறது, தொடரும். அதன்பின் ஒரு பக்கம் வருகிறது, விளையாடியவர்களில் எத்தனை சதவீதம் பேர் எந்தப் பக்கம் போனார்கள் என்று. கேட்டுக்காகக் குறுக்கே போகாதவர்கள் அந்தப் பக்கத்தில் தங்கள் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டியிருக்கும். நான் பார்த்தேன்.

முதல் எபிசோட் வந்தது 2015 ஜனவரி 30. இரண்டாவது மார்ச் 24. கதையில் திங்கள் இரவு தூங்கிச் செவ்வாய்க் காலை எழுந்திருக்கிறாள் மேக்ஸ். நமக்கு நடுவில் 53 நாள். மூன்றாவது மே 19, நான்காவது ஜூலை 28, ஐந்தாவது அக்டோபர் 20. இடைவெளியைக் கணக்குப் போட்டால் 53, 56, 70, 84 நாள். கதையில் ஐந்து நாளில் முடிகிற ஒரு வாரம், வெளியே கிட்டத்தட்ட ஒன்பது மாதம் நீண்டது. நேரத்தைக் கையில் வைத்து விளையாடும் ஒரு கேமுக்கு இது தற்செயலாக அமைந்த பொருத்தம்தான், ஆனால் என்ன பொருத்தம்! காட்சிக்குள் இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் பின்னால் போகலாம், எபிசோட் முடிந்ததும் உங்களுக்கு இருப்பது முன்னால் மட்டுமே ஓடும் சாதாரண நேரம். அந்த 53 நாளில் அந்தப் பெயின்ட் படம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. இத்தனைக்கும் விக்டோரியா ஒரு பொம்மை.

எபிசோட் முறை இவர்கள் கண்டுபிடித்ததில்லை. 2006-இல் இது பெரிய எதிர்கால நம்பிக்கையாகப் பேசப்பட்டது. அந்த ஜூனில் வால்வ் நிறுவனம் ஹாஃப் லைஃப் 2 என்ற துப்பாக்கி கேமின் தொடர்ச்சியை எபிசோட் ஒன்று என்று விட்டது, சின்னச் சின்னதாக அடிக்கடி தருவோம் என்பது யோசனை. எபிசோட் இரண்டு வர 2007 அக்டோபர் ஆனது. எபிசோட் மூன்று வரவே இல்லை, இன்றுவரை அது ஒரு நகைச்சுவை. அதே 2006 மே மாதத்தில் சின் எபிசோட்ஸ் என்ற துப்பாக்கி கேம் ஒன்பது பகுதியாகத் திட்டமிடப்பட்டு ஆரம்பித்தது, முதல் பகுதியோடு நின்றுபோனது. துப்பாக்கி கேமுக்கு எபிசோட் முறை ஏன் சரிப்படவில்லை என்பது பின்னால் பார்த்தால் புரிகிறது. அதில் செலவெல்லாம் புதிய இடம், புதிய எதிரி, புதிய தொழில்நுட்பம் என்று போகிறது, ஒவ்வொரு பகுதியையும் முந்தியதைவிடப் பெரிதாக்கத் தோன்றும், பெரிதானால் நேரம் இழுக்கும், நேரம் இழுத்தால் எபிசோட் என்ற பெயருக்கே அர்த்தம் போய்விடும்.

டெல்டேல் என்ற கம்பெனிதான் அதற்கான சரியான சரக்கைக் கண்டுபிடித்தது. லூகாஸ் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்திலிருந்து வெளியே வந்தவர்கள் ஆரம்பித்த நிறுவனம். 2006 இறுதியில் சாம் அண்ட் மேக்ஸ் கேமை ஏறக்குறைய மாதம் ஒன்றாக விட்டார்கள், அதே இடங்கள், அதே ஆட்கள், புதிய சிக்கல். அப்புறம் 2012-இல் தி வாக்கிங் டெட், ஏப்ரலில் தொடங்கி நவம்பரில் முடிந்த ஐந்து எபிசோட், அந்த வருடம் ஸ்பைக் டிவியின் கேம் விருதுகளில் ஆண்டின் சிறந்த கேம் என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டது. அதில் புதிர் குறைவு, ஓட்டம் குறைவு, பேச்சுதான் ஆட்டம். பதில் சொல்ல சில நொடிதான் தருவார்கள், சொன்னதும் இன்னார் இதை நினைவில் வைத்துக்கொள்வார் என்று மூலையில் ஒரு வரி வரும். லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் பார்த்தவுடனே டெல்டேலின் சாயல் தெரியும், எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள், நானும் முதல் அரை மணி நேரம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உள்ளே இருப்பது நேர் எதிர். டெல்டேல் நேரத்தைச் சுருக்கி உங்களை அவசரப்படுத்துகிறது, இது நேரத்தை நீட்டி உங்களைக் குழப்புகிறது.

செய்தவர்கள் பாரிஸில் இருக்கும் டோன்ட்நாட். அதற்கு முன் அவர்கள் கணக்கில் இருந்தது 2013-இல் வந்த ரிமெம்பர் மீ என்ற ஒரே கேம், எதிர்கால பாரிஸில் நடக்கும் அடிதடி. அதில் அடிதடியைவிட நினைவில் நின்றது, ஒருவருடைய ஞாபகத்துக்குள் நுழைந்து அதை முன்னும் பின்னும் ஓட்டிச் சின்னச் சின்னதாக மாற்றும் சில காட்சிகள்தான். அந்தச் சில நிமிடங்களைத்தான் எடுத்து ஒரு முழு கேமாக வளர்த்திருக்கிறார்கள். இயக்கியவர்கள் ராவுல் பார்பே, மிஷெல் கோக் இருவரும், பதிப்பித்தது ஸ்கொயர் எனிக்ஸ். பல பதிப்பாளர்கள் கதாநாயகியைப் பையனாக மாற்றச் சொன்னதாகவும், ஸ்கொயர் எனிக்ஸ் மட்டும் எதையும் மாற்றச் சொல்லவில்லை என்றும் அந்தக் குழு அப்போது வெளிப்படையாகச் சொன்னது. முந்தைய கேம் பெரிதாகப் போகாத ஒரு குழுவுக்கு எபிசோட் முறை பல வகையில் தோதானது. எபிசோடுக்கு ஐந்து டாலர் அளவில் விலை என்றால் வாங்குகிறவருக்குத் தயக்கம் குறைவு, ஆரிகன் ஊரில் பத்துப் பதினைந்து இடம் கட்டினால் அவற்றையே வெவ்வேறு நாளில் வெவ்வேறு வெளிச்சத்தில் திரும்பக் காட்டலாம், முகங்களை நிஜம் மாதிரி செய்யப் பணம் இல்லையா, சுவர் முதல் தலைமுடி வரை கையால் வரைந்த ஓவியம் மாதிரி பூசிவிடலாம். அந்தப் பூச்சுதான் இன்றும் அதைப் பழசாகத் தெரியாமல் காப்பாற்றுகிறது.

காப்பாற்றாத இடமும் உண்டு. உதடு. பேச்சு ஒரு பக்கம் போக உதடு இன்னொரு பக்கம் போகிறது, முதல் எபிசோடில் அது ரொம்பவே உறுத்தும். 2022-இல் ரீமாஸ்டர் என்று மெருகேற்றி விட்ட மறுபதிப்பில்தான் முக அசைவுகளைப் புதிதாகச் செய்தார்கள். வசனமும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர்களின் கதையில் அமெரிக்கப் பதின்பருவப் பிள்ளைகள் பேசுகிறார்கள், ஒரு அமெரிக்க எழுத்தாளர் உட்கார்ந்து வசனத்தைச் செப்பனிட்டும் சில வார்த்தைகள் நம் காதுக்கே செயற்கையாக விழுகின்றன, அமெரிக்கர்கள் விழுந்து விழுந்து கேலி செய்தார்கள். இருந்தாலும் மேக்ஸுக்குக் குரல் கொடுத்த ஹன்னா டெல்லும் க்ளோயிக்குக் குரல் கொடுத்த ஆஷ்லி பர்ச்சும் அந்த வசனத்தைத் தூக்கி நிறுத்திவிடுகிறார்கள். க்ளோயி அப்பாவைப் பற்றிப் பேசும் இடத்தில் உதட்டைப் பார்க்க மறந்துவிட்டேன். எனக்கு உண்மையிலேயே அலுத்த இடம் கேமராவைச் சரிசெய்யக் கருவி தேடும் பகுதி. அவ்வளவு நேரம் மனசோடு விளையாடிய கேம் திடீரென்று பொருள் தேடும் வேலைக்காரனாக ஆக்கிவிடுகிறது.

மெதுவாகப் போகிறது என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். வகுப்பு முடிந்து மேக்ஸ் வெளியே வந்து காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு பள்ளித் தாழ்வாரத்தில் நடக்கிறாள். சிட் மேட்டர்ஸ் குழுவின் பாட்டு ஓடுகிறது. அந்தக் குழுவின் ஜோனத்தன் மொராலிதான் முழு கேமுக்கும் இசை. இந்த நடையில் விளையாட ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் லாக்கர், ரேச்சல் ஆம்பர் என்ற பெண்ணைக் காணவில்லை என்ற நோட்டீஸ்கள், ஒருவன் இன்னொருவனைத் தள்ளுகிறான், ஒரு ஜோடி கொஞ்சிக்கொள்கிறது, யாரும் மேக்ஸைக் கவனிப்பதில்லை. அறையில் கிடாரை எடுத்துப் பாட்டோடு சேர்ந்து மீட்டலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். புல்வெளியில் அலிஸ்ஸா என்ற பெண் மேல் பந்து வந்து படும், ரீவைண்ட் செய்து அவளை எச்சரிக்கலாம், செய்யாவிட்டாலும் கதை நிற்காது. மொத்தமாக உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் தாண்டிப் போக வேண்டிய நேரம். 53 நாள் காத்திருப்பவருக்கு இதுதான் கைச்செலவுக்குத் தந்த காசு. அந்த நோட்டீஸை யார் ஒட்டினார்கள், கேட் ஏன் அப்படிக் குறுகி உட்கார்ந்திருக்கிறாள், செக்யூரிட்டி ஆள் எதற்கு அவளைக் குடைகிறான் என்று யோசித்துக்கொண்டே இருக்கலாம். முதல் எபிசோடில் நடந்ததைவிட அதில் கொட்டி வைத்ததுதான் அதிகம்.

அந்த இரண்டாம் எபிசோடில் ஓரிடத்தில் ரீவைண்ட் வேலை செய்யாது. அதுவரை அதை நம்பி வாயைத் திறந்த பழக்கத்தில் கை தானாக பட்டனுக்குப் போகும், ஒன்றும் நடக்காது. முதல் எபிசோடில் கேட்டிடம் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பது அங்கே கணக்கில் வரும். இதற்கு மேல் சொன்னால் பாவம்.

லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்சுக்குப் பிறகு இந்த முறை ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. சீசன் முழுவதும் வரட்டும், தள்ளுபடியில் வாங்கிக்கொள்கிறேன் என்று ஜனங்கள் பழகிவிட்டார்கள், முதல் எபிசோடை வாங்கிய எல்லோரும் கடைசி வரை வருவதுமில்லை. 2016 ஜூலையில் ஸ்கொயர் எனிக்ஸ் முதல் எபிசோடையே இலவசமாக்கிவிட்டது, அதாவது அது கதையின் ஐந்தில் ஒன்றாக இருந்தது போய் விளம்பரமாக மாறியது. 2018 செப்டம்பரில் டெல்டேல் தி வாக்கிங் டெட்டின் கடைசி சீசன் பாதியில் இருக்கும்போதே ஆட்களை அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தியது, மிச்ச எபிசோடுகளை ஸ்கைபவுண்ட் என்ற நிறுவனம் எடுத்து 2019-இல் முடித்துக்கொடுத்தது. பாதியில் பணம் கட்டியவர்கள் பட்ட பயம் அத்தனை சீக்கிரம் போகாது. கென்டக்கி ரூட் ஸீரோ என்ற கேம் 2013 ஜனவரியில் தொடங்கி 2020 ஜனவரியில்தான் ஐந்தாவது அங்கத்தை முடித்தது. ஏழு வருடம்! 2016-இல் வந்த கூலிக்கொலை கேமான ஹிட்மேன் மட்டும் புத்திசாலித்தனமாக ஒவ்வொரு எபிசோடையும் ஓர் ஊராக வைத்தது, பாரிஸ் மாளிகையை இருபது விதமாக முடித்துப் பார்ப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும், அதில் காத்திருப்பு பயிற்சி நேரம். ஆனால் அவர்களும் அடுத்த கேமை மொத்தமாகவே விட்டார்கள். லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் வரிசையிலேயே 2021-இன் ட்ரூ கலர்ஸ் ஒரே நாளில் முழுசாக வந்தது. அண்மையில், 2025 அக்டோபரில் தொடங்கி, பழைய டெல்டேல் ஆட்கள் சிலர் ஆரம்பித்த ஆட்ஹாக் ஸ்டூடியோ டிஸ்பாட்ச் கேமை வாரம் இரண்டு எபிசோடாக நான்கு வாரத்தில் விட்டு முடித்தது. ஒரு வாரம் சரியான அளவு என்றுதான் படுகிறது, வலிக்காது. ஆனால் ஒரு வாரத்தில் நாம் எதற்கும் வருத்தப்பட்டு முடிப்பதில்லை.

மார்ச் 24 அன்று இரண்டாம் எபிசோடை டவுன்லோட் போட்டுவிட்டு, என் வீட்டு நெட் இருந்த லட்சணத்தில் அது இறங்கி முடிய ராத்திரி ஆகிவிட்டது, அந்த நேரத்தில் பழைய எபிசோடின் மெனுவைத் திறந்தேன். எந்தக் காட்சியிலிருந்து வேண்டுமானாலும் மறுபடி விளையாடலாம் என்று ஒரு வசதி அதில் இருக்கிறது. ஹாஸ்டல் படிக்கட்டுக்குப் போய், பெயின்ட் சொட்ட உட்கார்ந்திருக்கும் விக்டோரியாவுக்கு எதிரில் மேக்ஸை நிறுத்தினேன். இந்தத் தடவை ஆறுதல் சொன்னேன். அப்புறம் ரீவைண்ட் செய்து, பழையபடி படத்தையே எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.